அருவிக்கு டோக்கன் போட முடியுமா?

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் இருந்து பெரியம்மா ஒரு வேன் பிடித்து குற்றாலம் வந்தார். கூட வந்தவர்கள் அவரோடு தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்கள். தென்காசியில் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். தென்காசியில் இருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். அன்றைக்கு அந்த ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வேனை ஒரு தோப்புக்குள் விட்டுவிட்டு, நடந்து போய், மெயின் அருவி வரிசையில் நிற்கும்போது மணி பதினொன்றரை. பெண்கள் பக்கம் அவர்கள், ஆண்கள் பக்கம் நான்.

ஒன்றரை மணிக்கு விசில் சத்தம் கேட்டது. தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்துவிட்டது. குளிக்கத் தடை. எனக்கு முன்னால் முப்பது பேர்கூட இல்லை. சாரல் மூஞ்சியில் அடிக்கிற தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். தடை போட்டவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் தண்ணீருக்குக் கீழே ஒருத்தரும் நிற்கக் கூடாது.

திரும்பும்போது வேனில் நான்தான் ஆரம்பித்தேன். "ஆன்லைன்ல புக்கிங் வச்சுட்டா நல்லா இருக்கும் பெரியம்மா. அவங்கவங்க நேரத்துக்கு வந்து குளிச்சிட்டுப் போயிரலாம்."

"அருவிக்குமாடே டிக்கெட்டு?" என்றார் பெரியம்மா. "மழை எப்ப பெய்யும்னு அதுல போட்டிருக்குமோ?"

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே கிடந்தது. தீம் பார்க்குகளிலும் கோயில்களிலும் மலைவாசஸ்தலங்களிலும் முன்பதிவு உண்மையில் என்ன செய்கிறது, அதைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்தால் எது நடக்கும், எது நடக்காது என்று கொஞ்ச நாளாகப் படித்து எழுதி வைத்த குறிப்புகள் இவை.

வரிசையின் கணக்கு

முதலில் ஒரு சின்ன சூத்திரம். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்தது. ஓர் இடத்தில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை = ஒரு நிமிடத்துக்கு உள்ளே வருபவர்கள் × ஒருவர் அங்கே இருக்கும் நிமிடங்கள். அவ்வளவுதான். பேங்க் கவுண்டர், டோல்கேட், பரோட்டாக் கடை என்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அருவிக்கும் பொருந்தும்.

ஒரு பேச்சுக்கு, அருவியின் ஒரு பக்கத்தில் ஒரே நேரத்தில் 100 பேர் நிற்கலாம், ஒருத்தர் 5 நிமிடம் குளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 20 பேர், மணிக்கு 1200 பேர் குளித்து வெளியே வரலாம். வரிசையில் 3000 பேர் நின்றால் கடைசி ஆள் இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காவலர் விசில் அடித்து, "போதும் போதும், வெளியே வாங்க" என்று 3 நிமிடத்தில் கிளப்பிவிட்டால்? மணிக்கு 2000 பேர். அதே கடைசி ஆள் ஒன்றரை மணி நேரத்தில் தலையை நனைத்துவிடலாம்.

சீசனில் குற்றாலத்துக் கூட்டத்தை இன்றைக்கும் சமாளிப்பது இந்த விசில்தான். குளிக்கிற நேரத்தைக் குறைத்து வரிசையை நகர்த்துவது. எரிச்சலாக இருந்தாலும் கணக்கு சரி.

முன்பதிவு வேறு இடத்தில் கை வைக்கிறது. குளிக்கும் நேரத்தை அது தொடுவதில்லை. நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து சேர்கிறார்கள் என்பதை மாற்றப் பார்க்கிறது. காலை பதினொன்றுக்கு வந்து குவியும் ஆயிரக்கணக்கானவர்களை ஏழு மணி, ஒன்பது மணி, மூன்று மணி என்று பிரித்துப் போடுவது.

தீம் பார்க்கில் என்ன செய்தார்கள்

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது டிஸ்னி. 1999-ல் பாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எந்திரத்தில் டிக்கெட்டைச் செருகினால், "இத்தனை மணியில் இருந்து இத்தனை மணிக்குள் வா" என்று ஒரு சீட்டு வரும். தனிக் காசு கிடையாது. அதுவரை கடைக்குப் போகலாம், சாப்பிடலாம், வேறு ராட்டினம் ஏறலாம். வரிசையில் நிற்கிற உடம்புக்குப் பதிலாக ஒரு சீட்டு நிற்கிறது.

ஆனால் ராட்டினத்தில் ஏறுகிற ஆட்களின் எண்ணிக்கை இதனால் ஒன்றுகூடக் கூடவில்லை. மணிக்கு 1000 பேர் ஏற முடிந்த ராட்டினத்தில் அதே 1000 பேர்தான். சீட்டோடு வருபவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தால், சீட்டு இல்லாதவர்களின் வரிசை அந்த அளவுக்கு மெதுவாகும். காத்திருப்பு எங்கேயும் போய்விடவில்லை. ஒருவர் தலையில் இருந்து இன்னொருவர் தலைக்கு மாறியது. 2021-ல் இலவச பாஸ்ட்பாஸை நிறுத்திவிட்டு, காசு கொடுத்தால் முன்னால் போகலாம் என்ற ஏற்பாட்டுக்கு மாறினார்கள்.

இதற்கு நடுவில் கொரோனா வந்தது. 2020 ஜூலையில் புளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டைத் திரும்பத் திறந்தபோது, டிக்கெட் இருந்தாலும் எந்தப் பூங்கா, எந்த நாள் என்று தனியாக முன்பதிவு செய்தாக வேண்டும் என்றார்கள். 2024 ஜனவரியில், தேதி போட்ட டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு அந்தத் தனி முன்பதிவு தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். டிக்கெட்டிலேயே தேதி இருக்கும்போது, எந்த நாள் எத்தனை பேர் வருவார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறதே.

ஆக முன்பதிவு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு வேலைகள். ஒன்று, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கதவில் நிறுத்துவது. இன்னொன்று, உள்ளே வந்தவர்களை நேரம் பிரித்து அனுப்புவது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

நம்ம பக்கத்து அனுபவம்

டிஸ்னி வரைக்கும் போக வேண்டியதில்லை. திருப்பதியில் நேரம் போட்ட டோக்கன் நமக்கெல்லாம் பழக்கம். சபரிமலையில் கேரளக் காவல்துறை 2011-லேயே இணைய வரிசையைத் தொடங்கியது. இங்கே ஒரு தொடர்பும் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிற, திரும்புகிற ஐயப்ப பக்தர்களால்தான் குற்றாலத்துக்கு இரண்டாவது சீசன். சபரிமலையில் ஒரு நாள் ஒதுக்கீட்டை மாற்றினால் இங்கே சிப்ஸ் கடையில் தெரியும்.

2024 அக்டோபரில், அந்த சீசனுக்கு ஆன்லைன் பதிவு மட்டும்தான், நேரில் பதிவு கிடையாது என்று கேரள அரசு முதலில் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது. மாலை போட்டு, இருமுடி கட்டி, நடந்து வருகிற ஆளை போனில் பதியவில்லை என்று திருப்பி அனுப்ப முடியுமா? கடைசியில் பதிவு செய்யாமல் வருபவர்களுக்கும் வழி செய்தார்கள்.

திருப்பதி கற்றுத் தருவது இன்னும் கசப்பானது. 2025 ஜனவரி 8-ம் தேதி, வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் வாங்கத் திருப்பதி நகரத்தில் கூடியவர்கள் நெரிசலில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். நெரிசல் சன்னிதியில் நடக்கவில்லை, மலை மேலேயும் நடக்கவில்லை. கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்காகக் கொடுக்கும் டோக்கனை வாங்கும் இடத்தில் நடந்தது. கேட்கிறவர்கள் அதிகம், இருப்பது கொஞ்சம் என்றால் நெருக்கடி எங்கேயாவது வந்தே தீரும். அருவியில் இல்லை என்றால் கவுண்டரில். கவுண்டரில் இல்லை என்றால் தட்கல் மாதிரி காலை பத்து மணிக்கு ஒரு இணையதளத்தில். இணையதளத்தில் ஆள் நசுங்க மாட்டார்கள் என்பது பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் வேகமான போனும் விரலும் உள்ளவர்கள் ஜெயிக்கிற ஆட்டம் அது.

மூன்றாவது, நீலகிரியும் கொடைக்கானலும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு இடத்துக்கும் இ-பாஸ் வந்தது. முதலில் அதில் உச்சவரம்பு கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ். யார், எத்தனை வண்டி என்று கணக்கெடுக்கத்தான் உதவியது. 2025 ஏப்ரல் 1 முதல் கோடை சீசனுக்கு வரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டி, வார இறுதியில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் விலக்கு. வரம்பு வந்த கையோடு நீலகிரியில் வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். மூன்று மாத சீசனை நம்பி வருஷத்தை ஓட்டுகிறவர்களின் பயம் அது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்து உட்கார்ந்திருக்கும் குற்றாலத்துக் கடைக்காரர்களுக்கு அது சொல்லாமலே புரியும்.

குற்றாலம் எங்கே வேறுபடுகிறது

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். ராட்டினத்துக்கு மணிக்கு இத்தனை பேர் என்று ஒரு எண் உண்டு. ஊட்டியின் சாலைக்கும் பார்க்கிங்குக்கும் ஓர் எண் உண்டு. அருவிக்கு என்ன எண்?

தண்ணீர் குறைவாக விழுந்தால் பாறையை ஒட்டி ஒரு வரிசை ஆட்கள்தான் நனைய முடியும். அளவாக விழுந்தால் நூற்றுக்கணக்கில் நிற்கலாம். ஆர்ச்சைத் தாண்டினால் பூஜ்யம். காலையில் 'அளவு', மத்தியானம் 'பூஜ்யம்', சாயங்காலம் மறுபடி 'அளவு' என்று ஒரே நாளில் மாறும். அந்த மாற்றத்தைத் தீர்மானிப்பது மேலே மலையில் பெய்கிற மழை. என்னால் பொதிகை எக்ஸ்பிரஸில் 60 நாளைக்கு முன்னால் டிக்கெட் போட முடியும். மழைக்கு யார் போடுவது?

பதினொரு மணி ஸ்லாட்டுக்கு 1200 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். பதினொன்றுக்குத் தடை. அந்த 1200 பேரை என்ன செய்வது? ஒரு மணி ஸ்லாட்டில் சேர்த்தால் அங்கே 2400. நாளைக்கு வா என்றால், மதுரையில் இருந்து வந்தவர் எங்கே தங்குவார்? காசைத் திருப்பிக் கொடுத்தால், குளிக்காத குளியலுக்கு அது ஈடா?

இன்னொரு சிக்கல், குற்றாலம் என்பது ஒரு அருவி இல்லை. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று பிரிந்து கிடக்கிறது. மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் தடை என்றால், அங்கே இருக்கும் கூட்டம் வீட்டுக்குப் போவதில்லை. ஆட்டோ பிடித்து, திறந்திருக்கும் அருவிக்குப் போகிறது. எதைத் திறந்து வைத்திருக்கிறோமோ அதில் நெருக்கடி கூடுகிறது. அருவிக்கு அருவி தனித்தனியாக டோக்கன் போட்டால், மழை வந்த அன்றைக்கு எல்லா டோக்கனும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

உண்மையில் எண்ண வேண்டிய எண்

இவ்வளவு தூரம் வந்த பிறகுதான், நான் தப்பான எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

2024 மே 17. பழைய குற்றாலம். மலை மேல் பெய்த மழையில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் அருவியில் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிக்கட்டில் ஏறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்த வீடியோவை நம்மில் பலர் போனில் பார்த்தோம். பார்த்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்போம். எனக்கு அந்தப் படிக்கட்டு நினைவில் நின்றுவிட்டது.

எத்தனை பேர் குளிக்கலாம் என்பது வசதிக்கான எண். தண்ணீர் நிறம் மாறினால், இருக்கிற நிமிடங்களுக்குள் எத்தனை பேர் மேலே ஏறிவிட முடியும் என்பது உயிருக்கான எண்.

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டனில் விளையாட்டு மைதானங்களின் பாதுகாப்புக்காக ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் அகலப் பாதையில் சமதளத்தில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 82 பேர், படிக்கட்டில் 66 பேர் என்று அதில் ஓர் அளவு உண்டு. ஓர் அருவியில் இருந்து மேலே ஏறும் படி 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 132 பேர். எச்சரிக்கைக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் 2 நிமிடம் கிடைத்தால் 264 பேர். இது காய்ந்த படிக்கட்டில், பதற்றம் இல்லாமல் நடந்தால். ஈரத்தில், வழுக்கலில், கையில் குழந்தையோடு, எதிரே "என் பிள்ளையக் காணோம்" என்று இறங்கி வருகிற ஒருவரோடு, இதில் பாதி என்று வைப்பதுதான் புத்தி.

1992 பிப்ரவரியில் கும்பகோணம் மகாமகக் குளத்தில் சுமார் 50 பேர் நெரிசலில் இறந்தார்கள். அங்கே வெள்ளம் இல்லை. நீராட வந்த கூட்டம் மட்டும்தான். இறங்குகிற வழியை நினைக்கிற அளவுக்கு ஏறுகிற வழியை நாம் நினைப்பதில்லை.

இந்த எண்ணைக் கூட்ட இரண்டு வழி. படியை அகலமாக்கலாம், அல்லது எச்சரிக்கையை முன்கூட்டியே கொண்டுவரலாம். மேலே மழையும் நீர்மட்டமும் அளக்கும் கருவி ஒன்று ஐந்து நிமிடம் முன்னால் சொன்னால், அதே படிக்கட்டில் இரண்டரை மடங்கு ஆட்கள் தப்பலாம். முன்பதிவு ஆப் எழுதுகிற காசில் முதல் காசு அதற்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

யார் வெளியே நிற்பார்கள்

பெரியம்மாவின் கூட்டம் எப்படிக் குற்றாலம் வருகிறது தெரியுமா? சனிக்கிழமை சாயங்காலம் வாரக் கூலி கையில் வரும். யாராவது ஒருத்தி, "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம்" என்பாள். ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, ராத்திரியே வேன் பேசி, விடிகாலையில் புளிசாதம் கட்டிக் கிளம்புவார்கள். பதின்மூன்று பேரில் நல்ல போன் இரண்டு பேரிடம் இருக்கிறது. வருஷத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒரே ஊர் சுற்றல் இது.

மூன்று நாளைக்கு முன்னால் ஸ்லாட் தீர்ந்துவிடும் என்றால் இவர்கள் வரவே முடியாது. ரிசார்ட்டில் அறை போட்டவர்கள் வருவார்கள், ஏனென்றால் அவர்கள் ஏற்கனவே திட்டம் போட்டவர்கள். முன்பதிவு என்பது திட்டமிடும் வசதி உள்ளவர்களுக்குச் சாதகமான ஏற்பாடு. அதில் காசு ஒரு ரூபாய்கூட வாங்காவிட்டாலும் அப்படித்தான். காசு வாங்காமலே அருவி காசுள்ளவர்களுடையதாகிவிடலாம்.

என்ன செய்யலாம்

என் குறிப்பு நோட்டில் இப்போதைக்கு இருப்பது இவ்வளவு.

குளிப்பதற்கு முன்பதிவு வேண்டாம். வண்டி நிறுத்தத்துக்கு வைக்கலாம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பார்க்கிங்கின் அளவு மாறாது. சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்களுக்கு மட்டும் பதிவு, பதியாத கார்கள் தென்காசியிலோ இலஞ்சியிலோ நிற்கட்டும், அங்கிருந்து தொடர்ச்சியாகப் பஸ் ஓடட்டும். பஸ்ஸிலும் வேனிலும் வருகிறவர்களுக்குப் பதிவே வேண்டாம். ஒரு வேனில் பதினான்கு பேர் வருகிறார்கள், ஒரு காரில் நான்கு பேர். சாலையில் யார் அதிக இடம் பிடிக்கிறார்கள் என்று நீங்களே பாருங்க.

அருவிக்குள்ளே அன்றன்றைக்கு அங்கேயே கொடுக்கும் இலவசச் சீட்டு. பழைய பாஸ்ட்பாஸ் மாதிரி காகிதம். அதில் கடிகார நேரம் இருக்காது, வரிசை எண் மட்டும். தடை வந்தால் எண் அப்படியே நிற்கும், திறந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். ஒன்றரை மணிக்கு விசில் அடித்தபோது எங்கள் கையில் அந்தச் சீட்டு இருந்திருந்தால், தோப்பு நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்போம். கடையில் ஒரு டீயாவது குடித்திருப்போம். சீட்டு கொடுக்கும் இடம் ஒன்றாக இருக்கக் கூடாது, பத்தாக இருக்க வேண்டும். திருப்பதி அதைத்தான் சொல்கிறது.

உள்ளே ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைப் படிக்கட்டை அளந்து முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணை அருவி முகப்பில் பெரிதாக எழுதிப் போட வேண்டும்.

கடைசியாக, தகவல். உள்ளூர்க்காரர்கள் யாரும் ஞாயிறு பதினொன்றுக்குக் குளிக்கப் போவதில்லை. விடியும் முன்னால் போவோம், அல்லது வார நாளில் போவோம். எங்களுக்கு எந்த டோக்கனும் கிடையாது, தகவல் மட்டும்தான். எந்த அருவியில் எவ்வளவு தண்ணீர், வரிசை எவ்வளவு நேரம், எது மூடியிருக்கிறது என்பதை ஒரு போன் எண்ணில் தமிழில் சொன்னால் போதும். சாதா போனில் கேட்கிற மாதிரி. பாதிக் கூட்டம் தானாகவே நேரம் மாற்றிக்கொள்ளும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியம்மாவின் வேன் மாற்றிக்கொள்ளும்.

எப்படித் தெரியும் என்றால், இந்த வருஷம் அந்த எண் நான்தான். சாரல் தொடங்கியதில் இருந்து சனிக்கிழமை ராத்திரி எட்டு மணி ஆனால் போன் வருகிறது.

"என்னடே, தண்ணி விழுதா? கூட்டம் எப்படி?"

"விழுது பெரியம்மா. மூணு மணிக்கே கிளம்பிருங்க. விடியதுக்குள்ள குளிச்சிரலாம். மேல இருட்டிக்கிட்டு வந்தா மட்டும் இறங்காதீங்க."